கம்ப்யூட்டர் எங்கே காத்திருக்கிறது?

சென்னை ரிச்சி தெருவுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வருகிறவர் கடைக்காரரிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஐ5 போடலாமா, ஐ7 போடலாமா?" என்பதைத்தான். கடைக்காரர் பதிலுக்கு, "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்பார். பிராசஸர் முடிவானதும் மிச்சமிருக்கிற பணத்துக்குள் மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று வரிசையாகக் கொட்டேஷன் எழுதப்படும். பணம் இடித்தால் வெட்டு விழுவது பட்டியலின் அடிப்பகுதியில். இந்த வரிசையே தலைகீழ் என்பது என் வாதம். வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை மந்தமாகத் தெரிவதற்குக் காரணம், பிராசஸர் மெதுவாகக் கணக்குப் போடுவது இல்லை. போட வேண்டிய கணக்கு வந்து சேரும்வரை அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு எங்கே விழுகிறது என்று முதலில் பார்த்து அங்கே பணத்தைப் போட்டால், எந்தப் பிராசஸர் என்ற கேள்வி பெரும்பாலும் தானே முடிந்துவிடும். அதுவும் நினைத்து வந்ததைவிட மலிவான ஒன்றில் முடியும்.

பெயர்களிலிருந்து தொடங்கலாம். இன்டெல் 2011 ஜனவரியில் வெளியிட்ட கோர் ஐ7-2600க்கு நான்கு கோர்கள், எட்டு திரெட்கள். சரியாகப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரியில் வந்த கோர் ஐ3-12100க்கும் அதே நான்கு கோர், எட்டு திரெட்தான். பெயரை மட்டும் பார்ப்பவருக்கு ஐ7 உசத்தி, ஐ3 மட்டம். ஆனால் ஒரு கோரை மட்டும் தனியே எடுத்து ஒப்பிட்டால், இந்த ஐ3 அந்த ஐ7ஐவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகம் கொண்டது. ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் யார் மேலே, யார் கீழே என்று சொல்லும் அடையாளங்கள் மட்டுமே. இரண்டு தலைமுறைகளுக்கு நடுவே அவற்றை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணின் முதல் பகுதிதான் தலைமுறை: 2600 என்றால் இரண்டாவது, 12100 என்றால் பன்னிரண்டாவது. இதைத் தெரிந்துகொள்ளாதவர்களை நம்பியே ஒரு வியாபாரம் நடக்கிறது. "ஐ5 கம்ப்யூட்டர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டியோடு" என்று நம்ப முடியாத விலைக்கு வரும் விளம்பரங்களில் பெரும்பாலும் உள்ளே இருப்பது இரண்டாவது அல்லது மூன்றாவது தலைமுறை ஐ5. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய பிராசஸர், அதற்கென்றே இன்றும் புதிதாகத் தயாராகிற எச்61 மதர்போர்டு, டிடிஆர்3 ரேம். அது ஓடும், பொய் சொல்லவில்லை. ஆனால் விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு தருவது இன்டெல்லின் எட்டாவது தலைமுறையிலிருந்தும் ஏஎம்டியின் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஐ5 என்ற ஸ்டிக்கர் இந்தக் கணக்கை மாற்றாது.

அடுத்து கிகாஹெர்ட்ஸ். 2004இல் இன்டெல்லின் பென்டியம் 4 பிராசஸர் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் மாடலும் வருவதாக இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் இன்டெல் அதைக் கைவிட்டது. வெப்பம்தான் தடை. துடிப்பை இன்னும் வேகப்படுத்தினால் மின்சாரமும் சூடும் தாங்காது என்ற நிலையில், தொழில்துறையே திசை மாறி ஒரே சில்லில் பல கோர்களை வைக்கத் தொடங்கியது. மேலே சொன்ன ஐ3-12100இன் உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ். பதினேழு ஆண்டுகளில் அரை கிகாஹெர்ட்ஸ்தான் கூடியிருக்கிறது. ஆனால் செய்யும் வேலையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை கட்டளைகளை முடிக்கிறது, அடுத்து எந்தக் கட்டளை வரும் என்பதை எவ்வளவு சரியாக முன்கூட்டியே கணிக்கிறது, தேவையான தரவைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளக் கேஷ் நினைவகம் எவ்வளவு இருக்கிறது என்பவைதான் அந்த வித்தியாசத்தைக் கொடுத்தவை. இந்த மூன்றில் கடைசியானது காத்திருப்பைக் குறைப்பதற்காகவே இருப்பது. பிராசஸர் தயாரிப்பவர்களுக்கே இந்த விஷயம் தெரிந்திருக்கிறது; வாங்குகிற நமக்குத்தான் பெட்டியின் மேல் கிகாஹெர்ட்ஸ் மட்டும் கண்ணில் படுகிறது.

"சரி, கோர் அதிகம் இருந்தால் நல்லதுதானே?" என்ற கேள்வி நியாயமானது. இதற்கான பதிலை ஐபிஎம் பொறியாளர் ஜீன் ஆம்டால் 1967லேயே சொல்லிவிட்டார். எந்த வேலையிலும் பிரித்துக்கொடுக்கக்கூடிய பகுதி ஒன்று, ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே செய்யக்கூடிய பகுதி ஒன்று என இரண்டு உண்டு. எத்தனை கோர் சேர்த்தாலும் இரண்டாவது பகுதி குறையாது. ஒரு மென்பொருளின் வேலையில் 80 சதவீதத்தைப் பிரித்துக்கொடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கோர் போட்டால் வேலை 2.5 மடங்கு வேகமாக முடியும். எட்டு கோருக்கு 3.3 மடங்கு. பதினாறு கோருக்கு 4 மடங்கு. ஆயிரம் கோர் போட்டாலும் 5 மடங்கைத் தாண்டாது. நான்கிலிருந்து பதினாறுக்குப் போக ஆகும் செலவையும் கிடைக்கும் லாபத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். பிளெண்டரில் முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்பவருக்குக் கோர்கள் எல்லாம் வேலை செய்யும். அவர் தாராளமாக வாங்கலாம். கட்டட வரைபடம் போட ஆட்டோகேட் பயன்படுத்துபவருக்கோ பெரும்பகுதி வேலை ஒரே கோரில்தான் நடக்கும். டேலியில் கணக்கு எழுதுபவர், பிரவுசரில் இருபது டேப் திறந்து வைத்திருப்பவர், ஆன்லைன் வகுப்பு கேட்கும் பிள்ளை ஆகியோருக்கு ஆறு கோருக்கு மேலே கொடுக்கிற பணம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது.

மிக உயர்ந்த விலையில்கூட, எது நல்ல பிராசஸர் என்பது வேலையைப் பொறுத்துத்தான். இன்டெல்லின் கோர் ஐ9-14900கேயில் 24 கோர்கள். முழு வேகத்தில் அது 253 வாட் வரை இழுக்கும். ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டியில் எட்டே கோர்கள், ஆனால் 96 எம்பி எல்3 கேஷ். வீடியோ ரெண்டரிங்கில் ஐ9 எங்கோ போய்விடும். கேம் என்று வந்தால், மூன்றில் ஒரு பங்கு கோர்கள் மட்டுமே கொண்ட ரைசன் அதற்குச் சமமாக நிற்கும், பல கேம்களில் முந்தும், மின்சாரமும் மிகக் குறைவாகவே எடுக்கும். கேமின் தரவு ரேமிலிருந்து வரும்வரை காத்திருக்காமல் கேஷிலேயே கிடைப்பதுதான் காரணம். கோர், கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் தோற்றுப்போன ஒரு சில்லு, காத்திருப்பைக் குறைத்ததால் ஜெயித்திருக்கிறது. பொதுவான "சிறந்த பிராசஸர்" பட்டியல்களை நம்பி வாங்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லாததற்கு இந்த ஒரு ஜோடியே போதும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் மிகப் பெரிய காத்திருப்பு பல காலமாக ஹார்ட் டிஸ்கில் இருந்தது. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லி விநாடி ஆகும். வேண்டிய தரவு ஊசியின் கீழே வந்து நிற்கச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி விநாடி. ஊசி இடம் மாறும் நேரம் இதற்கு மேலே தனி. காதில் விழுந்தால் இது நேரமே இல்லை என்று தோன்றும். ஆனால் 4.3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசஸர் அந்த 4.2 மில்லி விநாடிக்குள் ஏறத்தாழ 1.8 கோடி முறை துடித்திருக்கும். ஒரு சின்ன கோப்புக்காக இத்தனை துடிப்பு வீண். விண்டோஸ் எழும்பும்போது படிப்பதோ இதுபோல ஆயிரக்கணக்கான சின்ன கோப்புகளை. எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டு கிடையாது, அந்தக் காத்திருப்பு மில்லி விநாடியின் சிறு பின்னத்துக்கு இறங்கிவிடுகிறது. பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி மாற்றியதும் புதிது வாங்கியதுபோல் ஆகிவிட்டது என்று பலரும் சொல்வதன் ரகசியம் இதுதான். பிராசஸர் அப்படியேதான் இருக்கிறது. இதே காரணத்தால் எஸ்எஸ்டிகளுக்கு உள்ளேயே விலை அதிகமானதைத் தேடிப்போக வேண்டியதும் இல்லை. சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி, நான்காம் தலைமுறை என்விஎம்இ 7,000 எம்பி என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். பெரிய வீடியோ கோப்புகளை நகலெடுப்பவருக்கு அந்த வித்தியாசம் நிஜம். விண்டோஸ் திறப்பதில், பிரவுசர் திறப்பதில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் தெரியும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். பெரிய காத்திருப்பு ஏற்கெனவே போய்விட்டது.

ரேமில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் விண்டோஸ் மிச்சத்தை எஸ்எஸ்டியில் எழுதி எழுதித் திரும்ப எடுக்கும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானாலும் ரேமுக்கு ஈடாகாது. இன்றைக்கு 16 ஜிபி என்பது வீட்டுக்கு நியாயமான அளவு. இரண்டாவது, அதை எப்படிப் போடுகிறோம் என்பது. டிடிஆர்4-3200 ரேம் ஒரு வழியில் விநாடிக்கு 25.6 ஜிபி தரவைக் கொண்டுவரும். பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே இரண்டு வழிகள் உண்டு. 16 ஜிபி ஸ்டிக் ஒன்றைப் போட்டால் ஒரு வழி காலியாகக் கிடக்கும். 8 ஜிபி ஸ்டிக் இரண்டு போட்டால் 51.2 ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசஸரிலேயே இருக்கும் கிராபிக்ஸை நம்புகிறவருக்கு இது சின்ன விஷயமே இல்லை, ஏனென்றால் அந்தக் கிராபிக்ஸ் தன் நினைவகமாகப் பயன்படுத்துவதே இந்த ரேமைத்தான். "பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் சார்" என்று கடையில் ஒரே ஸ்டிக்கைத் தள்ளிவிடுவார்கள். அந்தப் பிறகு பல வீடுகளில் வருவதே இல்லை. இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. 2025இன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. க்ரூஷியல் என்ற பெயரில் ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், நுகர்வோருக்கான அந்த வியாபாரத்தையே விட்டுவிடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. "ரேம்தானே, மலிவு" என்ற பழைய வாய்ப்பாடு இனி செல்லாது. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரிலிருந்து நல்ல டிடிஆர்4 ஸ்டிக்குகள் இருந்தால், ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் பொருந்தும் ரைசனையோ, டிடிஆர்4 ஏற்கும் மதர்போர்டோடு இன்டெல்லின் 12ஆம் தலைமுறையையோ எடுப்பதே புத்திசாலித்தனம். டிடிஆர்5 மட்டுமே ஏற்கும் ஏஎம்5 சாக்கெட் அப்போது அடிபட்டுப்போகும். கையில் இருக்கும் ரேம் பிராசஸரை முடிவுசெய்கிறது, பாருங்கள்.

கேம் விளையாடுபவர் வீட்டில் காத்திருப்பு பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டில். பிராசஸர் அடுத்த காட்சிக்கான கணக்கை முடித்துவிட்டு, கார்டு இந்தக் காட்சியை வரைந்து முடிக்கட்டும் என்று நிற்கும். அதற்கும் அந்தப்பக்கம் மானிட்டர் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 60 காட்சிகளைத்தான் காட்டும். கம்ப்யூட்டர் 150 வரைந்தாலும் மிச்சம் கண்ணுக்கு வராது. அதனால் கேமுக்கான கொட்டேஷன் மானிட்டரில் தொடங்கி, கார்டுக்கு வந்து, அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கும் பிராசஸரில் முடிய வேண்டும். இங்கே பெயரின் கடைசி எழுத்துகளைக் கவனிக்கத் தவறினால் சிக்கல். இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. கே என்றால் ஓவர்கிளாக் செய்யத் திறந்துவிடப்பட்டது. பெட்டிக்குள் கூலர் வராது. ஏஎம்டியின் ஜி, உள்ளே ஓரளவு தெம்பான கிராபிக்ஸ் இருப்பதைச் சொல்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: ரைசன் 5 5600இன் எல்3 கேஷ் 32 எம்பி, 5600ஜியில் அது 16 எம்பிதான். எஃப் மாடலில் சில நூறோ ஆயிரமோ மிச்சமாகும் என்பது உண்மை. வீடியோ எடிட் செய்பவர் அந்த மிச்சத்துக்கு ஆசைப்படக் கூடாது. இன்டெல்லின் உள் கிராபிக்ஸோடு வரும் குவிக் சிங்க் என்ற வீடியோ வசதியும் சேர்ந்து போய்விடும். கார்டு ஒருநாள் பழுதானால், கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் வழி இருக்காது.

இத்தனைக்கும் எதிராக வரும் வலுவான வாதம் ஒன்று உண்டு. "ரேமைப் பிறகு கூட்டலாம், எஸ்எஸ்டி சேர்க்கலாம், கார்டு மாற்றலாம். பிராசஸரை மட்டும் லேசில் மாற்ற முடியாது. அதனால் அதை இப்போதே பெரிதாக வாங்கிவிட வேண்டும்." கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. 2017 ஜனவரியில் இன்டெல்லின் உச்ச வீட்டுப் பிராசஸரான ஐ7-7700கே வெளிவந்தது, நான்கு கோர். அதே ஆண்டு அக்டோபரில் ஆறு கோருடன் ஐ7-8700கே வந்தது. சாக்கெட்டின் பெயர் இரண்டுக்கும் எல்ஜிஏ1151 என்றாலும், பழைய மதர்போர்டில் புதியது ஓடாது. பெரிதாகச் செலவழித்தவருக்குப் பத்து மாதம்கூடத் தாங்கவில்லை. அதே 2017இல் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் நடுத்தரமான ரைசன் 5 1600 வாங்கியவரால், 2022இல் பயாஸ் அப்டேட் வந்ததும் அந்த மதர்போர்டிலேயே ரைசன் 7 5800எக்ஸ்3டியைச் செருக முடிந்தது. ஐந்து வருடம் கழித்து, அன்றைய உச்ச வரிசை. எதிர்காலத்துக்கு இடம் விட்டது அன்று வாங்கிய பிராசஸர் இல்லை, அதைத் தாங்கிய சாக்கெட். அந்தக் கணக்கில் இன்டெல்லின் எல்ஜிஏ1700, 14ஆம் தலைமுறையோடு கிட்டத்தட்ட முடிந்துபோன பாதை. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட். முடிந்த பாதை என்பதால் வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆறு ஏழு வருடம் தொடவே போவதில்லை என்பவருக்கு, விலை குறைந்த 12ஆம் தலைமுறை ஐ5 இன்றும் கண்ணியமான தேர்வு. உச்சத்தில் இருப்பவை எப்போதும் பாதுகாப்பானவை என்பதும் மாயைதான். 13, 14ஆம் தலைமுறை இன்டெல்லின் உயர்நிலைப் பிராசஸர்கள் தேவைக்கு அதிகமான வோல்டேஜால் நாளடைவில் நிலைகுலைந்தது 2024இல் பெரிய செய்தியானது. இன்டெல் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டிக்க வேண்டிவந்தது.

இனி, கொட்டேஷனில் முதலில் வெட்டு வாங்கும் எஸ்எம்பிஎஸ். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது என்பார்களே, அது நடக்கிற இடம் இதுதான். கேபினெட்டோடு சேர்த்துத் தரப்படும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் சின்னக் கட்டங்களைப் படியுங்கள். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று ஒவ்வொன்றின் கீழும் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பிரதானமாகச் சாப்பிடுவது 12 வோல்ட்டை. அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால், 12ஐப் பதினாறால் பெருக்க 192 வாட். அவ்வளவுதான் உண்மையான திராணி. 450 என்பது அலங்காரம். கோர் ஐ5-12400 உச்சத்தில் 117 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் என்றால் இரண்டுக்கும் சேர்த்தே 287 வாட் ஆகிறது. அந்த எஸ்எம்பிஎஸ் முதல் நாளே வெடித்துவிடாது. கேம் நடுவே கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழும்பும், நீலத் திரை வரும், வீட்டுக்காரர் ரேமையும் விண்டோஸையும் குறைசொல்லிக்கொண்டிருப்பார். போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போவதும் உண்டு. 80 பிளஸ் முத்திரை நல்லதுதான். ஆனால் அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டுமே, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றுகளுக்கான சான்று அல்ல. வாரண்டி ஐந்து வருடமா, ஒரு வருடமா என்பது பல நேரம் அதைவிடத் தெளிவாகப் பேசும். யுபிஎஸ்ஸையும் இதே கண்ணோடு பாருங்கள்: பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ்கள் தாங்குவது பொதுவாக 360 வாட். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருந்தால் கம்ப்யூட்டரைக் குறைசொல்லும் முன், சுவரில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. எர்த் இல்லாத இடத்தில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியே கசியும் சிறு மின்சாரம் கேபினெட்டில் வந்து நிற்கும்.

வெப்பத்தைப் பற்றி விமர்சகர்கள் சொல்லும் எண்களை நம் ஊருக்கு ஏற்பத் திருத்திப் படிக்க வேண்டும். வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் 20, 25 டிகிரி அறையில் நடப்பவை. வேலூரிலோ திருச்சியிலோ மே மாதம் ஏசி இல்லாத அறை 36, 37 டிகிரியில் இருக்கும். அந்தப் பன்னிரண்டு பதினைந்து டிகிரி அப்படியே பிராசஸரின் மேல் ஏறி உட்காரும். ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95 டிகிரி எல்லை, இன்டெல்லுக்கு 100 டிகிரி. எல்லையைத் தொட்டதும் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதர்போர்டில் பிராசஸருக்கு மின்சாரம் பதப்படுத்தித் தரும் பகுதிக்கு ஹீட்சிங்க்கூட இல்லாத மலிவு எச்610 போர்டில் ஐ9ஐ உட்காரவைத்தால், போர்டே பிராசஸரைக் கட்டிப்போடும். ஐ9க்கு விலை கொடுத்து, அதைவிடச் சின்ன ஒன்றின் வேகத்தை வாங்கியதாக முடியும். 65 வாட் வகைப் பிராசஸர், முன்பக்கம் காற்றுப் போகும்படி வலை வைத்த கேபினெட், இரண்டு மூன்று ஃபேன் என்பது நம் கோடைக்குக் கச்சிதமான பொருத்தம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் வண்ண விளக்கும் உள்ள கேபினெட்டுகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

"இவ்வளவு தலைவலி எதற்கு, பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்கிவிடலாமே" என்பவருக்கும் நியாயம் இருக்கிறது. பழுது என்றால் ஒரே எண்ணுக்குப் போன் செய்தால் போதும். அசெம்பிள் செய்தவர் ஐந்து பாகங்களுக்கு ஐந்து வாரண்டி சீட்டுகளைக் கட்டிக்காக்க வேண்டும். கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் மட்டும் என்றால், எட்டாவது தலைமுறைக்குப் பிந்தைய ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து எஸ்எஸ்டி போட்டுக்கொள்வது அசெம்பிள் செய்வதைவிடச் சிக்கனம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருக்கும். பின்னால் ஒரு கிராபிக்ஸ் கார்டு போட நினைத்தால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ளே பொருந்தாது. வளர்த்துக்கொண்டே போகப்போகிறவருக்கு அசெம்பிள் செய்வதுதான் வழி. அப்படி வாங்கும்போது பிராசஸர் சீல் வைத்த பெட்டியில் வருகிறதா என்று பாருங்கள். டிரே என்று தனியாக விற்பதற்கு, பெட்டிப் பிராசஸருக்கு இன்டெல்லும் ஏஎம்டியும் நேரடியாகத் தரும் மூன்று ஆண்டு வாரண்டி கிடையாது. பொறுப்பு கடைக்காரரோடு சரி. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் இருக்கட்டும். மதர்போர்டு பழைய ஸ்டாக் என்றால், நீங்கள் வாங்கும் பிராசஸரை அதன் பயாஸ் அடையாளம் காணுமா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு ஆராய்ச்சி இன்னும் சுலபம். அது திணறும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, பிராசஸர் 10, 15இல் இருந்தால், புதிய பிராசஸர் வாங்கி ஒரு பயனும் இல்லை. மெமரி நிரம்பி வழிந்தால் ரேம். ஜிபியு முட்டிக்கொண்டிருந்தால் கார்டு. ஒரே ஒரு சூட்சுமம்: எட்டு திரெட் உள்ள பிராசஸரில் ஒரு திரெட் மட்டும் முழுமூச்சாக ஓடினாலும் மொத்தமாகக் காட்டுவது 12.5 சதவீதம்தான். அதனால் டிஸ்கும் மெமரியும் சும்மா இருந்து, பிராசஸர் எண் சுமார் 12இல் அசையாமல் நின்றால், அங்கே தேவை கோர் அதிகமான பிராசஸர் இல்லை. ஒரு கோர் வேகமாக உள்ள புதிய தலைமுறை. ஆட்டோகேட் வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி பார்க்கலாம்.

அசெம்பிள் முடிந்து விண்டோஸ் ஏறியதும் கடைக்காரர் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். கொடுத்த காசுக்கு உள்ள வேகம் அந்தப் பையில் இருக்கிறதா என்று பார்க்க மூன்று இடங்கள் பாக்கி. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் மேலே உள்ள மதர்போர்டு துளையில் செருகிவிட்டால் கார்டு சும்மா கிடக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் 60இலேயே நிற்பது சகஜம். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய்க் கையால் மாற்ற வேண்டும். மூன்றாவது ரேம். டிடிஆர்5-6000 என்று பில்லில் இருக்கும் ஸ்டிக், யாரும் தொடாதவரை பெரும்பாலும் 4800 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பயாஸுக்குள் போய், இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி என்றும் ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ என்றும் இருக்கும் வரியை ஆன் செய்து, எஃப்10 அழுத்திச் சேமித்துவிட்டு வெளியே வந்தால், டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகம் 6000 என்று மாறியிருக்கும்.